கேள்வியை எழுதிக் கொடுத்தவள்

வங்கி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, பயிற்சி வகுப்பில் உங்களுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வாடிக்கையாளரிடம் "இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கிறீர்களா?" என்று கேட்காதே, "வருடா வருடம் கட்டுகிறீர்களா, ஒரே தடவையாகக் கட்டுகிறீர்களா?" என்று கேள். முதல் கேள்விக்கு அவர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. எனக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதில் முதல் மாணவி. அரியலூர்க் கிளையில் பதினோரு வருடம் இருந்தேன். அந்த வித்தைக்காக மேலிடம் எனக்குக் கொடுத்த குக்கர் மட்டும் மூன்று.

உங்கள் கூட்டத்துக்கு வந்து பேசச் சொன்னார்கள். என்னால் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்க முடியாது, உட்காரவும் முடியாது. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுத ஆரம்பித்த பிறகும் நாலு தடவை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது அப்படிப்பட்ட விஷயம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு குடும்பம் பணத்தை எங்கே போடுவது என்று உங்கள் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. வட்டி விகிதம் போட்ட காகிதத்தைக் கையில் கொடுத்தால் மரியாதைக்கு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். பிறகு "வூட்ல கலந்துக்கிட்டு சொல்றேங்க" என்பார்கள். நீங்கள் அதைத் தட்டிக் கழிப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். உண்மையிலேயே அவர்கள் கலந்துகொள்ளத்தான் போகிறார்கள். பங்காளி எதில் போட்டிருக்கிறான், மச்சான் எதில் போட்டு ஏமாந்தான், பக்கத்து வீட்டுக்காரி எதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதெல்லாம் அந்தக் கலந்துகொள்ளலில் வரும். பங்காளி போட்டிருந்தால் சிலர் போடுவார்கள். அவன் போட்டிருக்கிறான் என்பதற்காகவே சிலர் போடமாட்டார்கள். கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், முடிவு செய்கிறவர் இன்னொருவர். பதில் சொல்வதற்கு முன்னால் அவர் கண் யாரைப் பார்க்கிறது என்று கவனித்தால் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தராமல் நானே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் கதை.

அது ஒரு மார்ச் மாதம். மார்ச் என்றால் உங்களுக்குத் தெரியும். வட்டார அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் மணிக்கொரு முறை பட்டியல் வரும்: எந்தக் கிளை எத்தனை பாலிசி பிடித்தது என்று. எங்கள் கிளையின் பெயர் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. எங்கள் மேனேஜர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்த மாதம் முழுக்கக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "வசந்தா மேடம், ஒரு பெரிய கேஸ் வந்தா போதும், நாம தப்பிச்சிடுவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தினமும் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் அந்த பஸ் ஊர்ந்து வரும்போதே அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கலியபெருமாளின் கணக்கில் பணம் வந்து இறங்கியது. ரெட்டிபாளையம் தாண்டி உள்ளே ஒரு சிற்றூர் அவருடையது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். சுரங்கத்துக்காகச் சிமெண்ட் ஆலைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பழைய கடனை அடைத்து, மகளின் நர்சிங் படிப்புக்கு எடுத்து வைத்தது போகப் பதினைந்து லட்சம் மிச்சம் இருந்தது. அந்தக் குடும்பம் அதுவரை பார்த்த பெரிய தொகை அதுதான், இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. நிலம் ஒரு தடவைதான் விற்கும்.

அவரும் அவர் மனைவி தனக்கொடியும் கிளைக்கு வந்தார்கள். அவர் உட்கார்ந்தார், அந்த அம்மாள் உட்காரவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார், ஆட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. "வூட்ல கலந்துக்கிட்டு சொல்றேங்க" என்று அவர் எழுந்தபோது நான் தடுக்கவில்லை. மறுநாள் மதியம் நானே அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றேன்.

வீட்டில் தனக்கொடி வேறு ஆளாக இருந்தார். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நேரடியாகக் கேட்டார்.

"மேடம், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. வரதராசன்பேட்டை பக்கம் எங்க நாத்தனார் ஊர்ல ஒரு முந்திரிக்காடு இருக்கு. ஒன்றரை ஏக்கர். அந்த ஆளு விக்கிறேன்னு சொல்லிட்டாரு, ஆனா வெளிநாட்டுலேந்து மவன் வரணும், கையெழுத்துப் போடணும். வருசம் ஆவலாம், ஒண்ணரை வருசம் ஆவலாம். அதுவரைக்கும் இந்தப் பணம் பத்திரமா இருக்கணும். அவ்வளவுதான்."

இதைவிடத் தெளிவாக ஒரு வாடிக்கையாளர் தன் தேவையைச் சொல்லி நான் கேட்டதில்லை. இதற்குப் பதில் ஒரே வரிதான்: ஒரு வருட டெபாசிட்டில் போடுங்கள், வேண்டும்போது எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வேலைக்கு வந்த பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுவென்று ஆடின. வீட்டுக்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் தூக்கிவாரிப்போட, எழுந்து நின்றேன். நின்றவாக்கில் பாலிசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"நடுவுல பணம் வேணும்னா என்ன பண்றதுங்க?" என்று கலியபெருமாள் கேட்டார்.

"பாத்துக்கலாங்க" என்றேன்.

பிள்ளைகளே, அந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பொய் இல்லை. அதனால்தான் அது பொய்யைவிட மோசம். பொய் சொன்னால் பிடிபடுவோம் என்று ஒரு பயமாவது இருக்கும். பாத்துக்கலாம் என்றால் கேட்கிறவருக்கு அது வாக்குறுதி, சொல்கிறவருக்கு வெறும் காற்று.

தனக்கொடிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் நான் விடவில்லை. வங்கி என்றேன், காப்பீடு என்றேன், மகள் பெயரில் போடலாம் என்றேன். கடைசியில் அவர், "சரிங்க மேடம். வெள்ளிக்கெழம கோயில்ல பூ கேட்டுட்டு சொல்றோம்" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி சாமியின் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். போர்வெல் போடுவதிலிருந்து பெண் எடுப்பது வரைக்கும் இப்படித்தான். என் கல்யாணத்துக்கும் கேட்டார்கள். முதலில் வந்த மாப்பிள்ளைக்குச் சிவப்பு விழுந்தது. அவர் இன்று என் வீட்டுக்காரரைவிட வசதியாகத்தான் இருக்கிறார், அது வேறு விஷயம். ஒரு குடும்பத்தில் ஆளுக்கொன்று சொல்லி முடிவு எட்டாதபோது, சண்டை வராமல் ஒரு முடிவுக்கு வர அது ஒரு நல்ல வழி. "சாமி சொல்லிடுச்சு" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

சிவப்பு வந்துவிட்டால் என் கதை முடிந்தது. மனிதர்கள் வேண்டாம் என்றால் அதைத் திருப்ப எனக்குப் பத்து வழி தெரியும். சாமி வேண்டாம் என்றால் அதை எவராலும் திருப்ப முடியாது. வட்டார அலுவலகத்துக்கு அதை எப்படி எழுதுவது? அம்மன் உத்தரவு கிடைக்காததால் இலக்கை எட்ட முடியவில்லை என்றா?

அப்போதுதான் பயிற்சி வகுப்பு நினைவுக்கு வந்தது. பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

"தனக்கொடி, போடலாமா வேண்டாமான்னு கேக்காதீங்க. பணத்த எங்கயோ போட்டுத்தான ஆகணும்? எப்படிப் போடுறதுன்னு கேளுங்க. வெள்ளப் பூ வந்தா வருசத்துக்கு மூணு லட்சமா அஞ்சு வருசம் கட்டுற திட்டம். செவப்புப் பூ வந்தா பதினஞ்சு லட்சத்தையும் ஒரே தடவையா கட்டிட்டு பத்து வருசம் வுட்டுடற திட்டம். நானே எழுதித் தரேன்."

"பேசாம டெபாசிட்டுலயே கெடந்தா?" என்றார் தனக்கொடி.

"அத வேற எதுக்கு நடுவுல குழப்பிக்கிறீங்க? பூ ரெண்டுதான?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு பெண்; அவர் மகள் வயதில் எனக்கும் மகள் இருப்பதாகச் சொல்லியிருந்தேன்; வெயிலில் வீடு தேடி வந்திருந்தேன். காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளைக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நானும் போனேன். கும்பிடவா போனேன், காவலுக்குப் போனேன். தனக்கொடி நான் எழுதிக் கொடுத்ததைச் சாமி முன்னால் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். கோயிலுக்கு வந்திருந்த யாரோ ஒரு சின்னப் பெண் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் சிவப்பு அரளி. அன்று சாயங்காலமே பதினைந்து லட்சமும் பத்து வருடத்துக்குப் போய்விட்டது. பட்டியலில் எங்கள் கிளை ஆறு இடம் மேலே ஏறியது. குழுவில் எல்லோரும் எனக்குக் கைதட்டும் படம் அனுப்பினார்கள். நானும் எல்லோருக்கும் கும்பிடும் படம் அனுப்பினேன்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். தனக்கொடியின் முகம் மலர்ந்திருந்தது. முந்திரிக்காட்டுக்காரரின் மகன் வந்துவிட்டான். விலை பதினாறு லட்சம் பேசியாகிவிட்டது. ஒரு லட்சம் கையில் இருக்கிறது, மீதியை எடுத்துக் கொடுங்கள் என்றார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இப்போது முறித்தால் நாலில் ஒரு பங்கு போய்விடும், பதினொன்றே கால் லட்சம்தான் வரும். அதன் மேல் கடன் வாங்கினால் தேவையில் பாதிதான் தேறும், அதற்கும் வட்டி. முழுப் பணம் வேண்டுமென்றால் இன்னும் எட்டு வருடம் பத்து மாதம். எல்லாவற்றையும் நிதானமான குரலில், ஏதோ மழை பெய்கிற செய்தி மாதிரிச் சொன்னேன். காலுக்கடியில் செருப்பை மட்டும் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

கலியபெருமாள்தான், "சரி வுடு தனக்கொடி. சாமி சொன்னதுதான? அதுக்கு மேல நாம என்ன பண்றது" என்றார். போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேறு போனார்.

இரண்டு நாள் கழித்து அவர் மட்டும் வந்தார். காட்டுக்காரரிடம் பேசியிருக்கிறார். அவர் நல்லவர், அடுத்த வாரம் புதன்கிழமை வரை பொறுக்கிறேன், வேறொரு பார்ட்டி தயாராக இருக்கிறது, பணம் வரும் என்று பேங்கிலிருந்து அதற்குள் ஒரு லெட்டர் காட்டினால் மூன்று மாதம்கூட அவகாசம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"ஏதாச்சும் வழி இருக்கா மேடம்? ஒரு லெட்டரு போதும்."

வழி இருந்தது, ஒரே ஒரு வழி. இந்தக் குடும்பத்துக்கு இந்தத் திட்டம் பொருந்தாது என்று தெரிந்தும், டெபாசிட் என்ற வழியை மறைத்து நான் விற்றேன் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தால், புகாராகப் போகும். அப்படிப் போனால் ஆரம்பத்திலிருந்தே ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டி வரும். எழுதினால் என் மேல் விசாரணை வரும். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாத்துக்கலாங்க" என்றேன்.

அவர் எழுந்தார். எழுந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு நின்று, "அவதான் ரொம்ப ஒடஞ்சு போயிட்டா மேடம். கோயில் பக்கமே போறதில்ல. வெளக்கேத்துறதில்ல. சாமியே நம்மள ஏமாத்திடுச்சுன்னு ரெண்டு நாளா திட்டிக்கிட்டே இருக்கா. நீங்க ஒருநா வந்து சொன்னீங்கன்னா கேப்பா" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். வீட்டில் துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். சனிக்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூ கேட்டது, நான் எழுதிக் கொடுத்தது எல்லாம். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, உண்மையான அக்கறையோடு சொன்னார்:

"மேடம், அவங்களே பழிய சாமி மேல போட்டுட்டாங்க. நீங்க எதுக்கு நடுவுல போயி தலையக் குடுக்கறீங்க?"

அந்த வாக்கியம் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை உங்களிடம் மறைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நன்றாகச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை முடித்துவிடலாம் என்று நினைத்தேன், கூட்டம் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆடிட்டர் வந்தார். புதன்கிழமை காலையில் காகிதத்தை எடுத்து இரண்டு வரி எழுதிக் கிழித்துப் போட்டேன். நேரம் இல்லாமல் இல்லை. கெடு தாண்டிவிட்டால் எழுத வேண்டிய அவசியமும் தாண்டிவிடும் என்று உள்ளுக்குள் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். அவளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். எதற்கு அன்று போனேன் என்று கேட்டால் சரியான காரணம் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கிளைக்குப் போகாமல் ரெட்டிபாளையம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

காடு போய்விட்டது. புதன்கிழமை மாலையே இன்னொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். அதைக் கலியபெருமாள் வாசலிலேயே சொன்னார். சொல்லிவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா மேடம்" என்றார்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே தனக்கொடியிடம் சொன்னேன். டெபாசிட்டே உங்களுக்குச் சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். எங்களுக்கு மார்ச் மாதம். சாமி வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்று பயந்துதான் நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். சாமி உங்களை ஏமாற்றவில்லை, நான்தான் ஏமாற்றினேன்.

தனக்கொடி மெதுவாகக் கேட்டார்.

"அப்ப சாமி வேண்டாம்னு சொல்ல நெனச்சிருந்தா, எந்தப் பூவுல சொல்லியிருக்கும் மேடம்?"

முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் எத்தனையோ ஆய்வு அதிகாரிகள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு பதில் வைத்திருந்தேன். இதைக் கேட்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் கணவரைத்தான் பார்த்தார். "என்னங்க, போயி ஒரு சூடமாவது கொளுத்திட்டு வாங்க. பத்து நாளா அந்தச் சாமிய வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன்" என்றார். கலியபெருமாள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் தெரு முனை திரும்பும் வரைக்கும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார் தனக்கொடி.

"இப்ப சொன்னதையெல்லாம் எழுதித் தருவீங்களா?"

எழுதினேன். உட்கார்ந்து, நிதானமாக, இரண்டு பக்கம். அந்த வீட்டில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. பதினைந்து லட்சமும் திரும்பி வர மூன்று மாதம் ஆனது. வட்டி ஒரு பைசா கிடையாது. எனக்கு மெமோ வந்தது, விசாரணை வந்தது, ஒரு இன்கிரிமென்ட் போனது, பெரம்பலூருக்கு மாற்றினார்கள். சொந்த ஊருக்கு மாற்றுவதெல்லாம் ஒரு தண்டனையா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கும் தண்டனையாகத் தெரியவில்லை. முந்திரிக்காடு மட்டும் திரும்பி வரவில்லை. அந்த விலைக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கர்கூட இப்போது கிடையாது. பணம் அப்படியே டெபாசிட்டில் இருக்கிறது. நிலம் இருந்த குடும்பம் என்ற பேச்சு மட்டும் அவர்களுக்கு மிச்சம்.

உங்களுக்கு இதிலிருந்து என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது இது. அதன் பிறகு மூன்று வருடம், யார் முன்னால் எந்தத் திட்டத்தை வைத்தாலும், "இது எதுவுமே வேண்டாம்னும் சொல்லலாங்க, பணம் கணக்குல கெடக்கட்டும்" என்பதையும் சேர்த்தே சொன்னேன். குக்கர் வரவில்லை. சிலர் நிஜமாகவே வேண்டாம் என்று எழுந்து போனார்கள். அவர்கள் போகும்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் மகான் ஆகிவிடவில்லை. தவறு செய்துவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் புதன்கிழமை சொல்லியிருந்தால் அது உதவியாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை சொன்னதால் என் மனப்பாரம் மட்டும்தான் இறங்கியது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தனக்கொடியைப் பார்த்தேன். மகளைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்ப நின்றுகொண்டிருந்தார். மகள் இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கண்டும் காணாமல் நழுவிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

சுரங்கம் இன்னும் பெரிதாகிறது, ஊரில் இன்னும் எட்டு வீட்டுக்கு நிலப்பணம் வந்திருக்கிறது என்றார். பேங்க், பைனான்ஸ், ப்ளாட்காரர்கள் என்று தினமும் காரில் வருகிறார்களாம். எல்லோரும் இவரிடம்தான் யோசனை கேட்கிறார்களாம்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

"என்ன சொல்றது? பூ கேக்கப் போறப்ப கேள்விய நீங்களே போடுங்க, வர்றவங்க எழுதிக் குடுத்தத வச்சுக் கேக்காதீங்கன்னு சொல்றேன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "உங்க பேரச் சொல்லித்தான் சொல்றேன் மேடம். வசந்தா மேடம் மாதிரி நல்லா பேசுறவங்க வருவாங்க, வெயில்ல வூடு தேடி வருவாங்கன்னு. பேரச் சொன்னாதான் மனசுல நிக்கிது. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"எங்க ஊருல இப்ப சின்னப் புள்ளைங்களுக்குக்கூட உங்கள தெரியும்" என்றார். அதை அவர் ஏளனமாகச் சொல்லவில்லை, வாஞ்சையாகத்தான் சொன்னார். அவருடைய பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்.